நைட் டியூட்டியில் தூங்கிய எடிசன்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஒரு ரெயில்வே ஜங்ஷன், ஸ்ட்ராட்ஃபோர்டு. 1863-ம் ஆண்டு வாக்கில் அங்கே இரவு நேரத் தந்தி வேலைக்கு 16 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். மாதம் 25 டாலர் சம்பளம். மாலை 7 மணிக்கு டியூட்டியில் உட்கார்ந்தால் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் எழுந்திருக்க முடியும்.

இரவில் வண்டிகள் குறைவு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே மணிக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் விழித்திருக்கிறானா, தூங்கிவிட்டானா என்று தூரத்தில் இருக்கும் மேலதிகாரிக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு விதி போட்டிருந்தார்கள். இரவில் மணிக்கு ஒரு தடவை ஆறு என்ற எண்ணைத் தந்தியில் தட்டி அனுப்ப வேண்டும். ஆறு வந்து சேர்ந்தால் ஆள் விழித்திருக்கிறான் என்று கணக்கு.

பையனுக்குப் பகலில் தூங்க நேரம் இல்லை. புத்தகம் படிப்பது, பழைய பாட்டரிகளைப் பிரித்துப் பார்ப்பது, ஏதாவது ரசாயனத்தைக் கலக்கிப் பார்ப்பது என்று பகல் முழுவதும் போய்விடும். இரவு வந்ததும் கண் சொருகும். என்ன செய்தான் தெரியுமா? ஒரு கடிகாரத்தோடு, விளிம்பில் பல் வெட்டிய சக்கரம் ஒன்றை இணைத்தான். அதைத் தந்திக் கருவியோடு சேர்த்துவிட்டான். மணி தவறாமல் சக்கரம் சுழன்று தானாகவே ஆறு அடித்தது. பையன் நிம்மதியாகத் தூங்கினான். இவ்வளவு ஒழுங்காக ஆறு அனுப்புகிறவன் வேறு யாரும் இல்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள், ஆறு வந்த மறு நிமிடமே கண்ட்ரோல் அதிகாரி ஏதோ கேட்பதற்காக அந்த நிலையத்தைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் பதில் இல்லை. குட்டு வெளிப்பட்டது. பையனுக்குக் கண்டிப்பு கிடைத்தது.

அந்தப் பையன்தான் தாமஸ் ஆல்வா எடிசன்.

இந்தக் கதையைப் படிக்கும்போது ரெயில்வேக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். இப்போது நம் மின்சார எஞ்சின்களில் விஜிலென்ஸ் கண்ட்ரோல் டிவைஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை டிரைவர் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு மின்னும். பிறகு சத்தம் கொடுக்கும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாக விழுந்துவிடும். பெயரும் இயந்திரமும் மாறியிருக்கின்றன. கேள்வி மட்டும் ஸ்ட்ராட்ஃபோர்டில் கேட்ட அதே கேள்விதான்.

எடிசன் மின்சார விளக்கு கண்டுபிடித்ததைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அவருக்கும் தூக்கத்துக்கும் இருந்த வழக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது அவர் வாழ்நாள் முழுவதும் நடந்த வழக்கு. தீர்ப்பு அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

ரெயிலில் பத்திரிகை

எடிசன் 1847 பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஏழாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை. அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹூரான் என்ற ஊருக்குக் குடியேறியது. பள்ளிக்கூடத்துக்குப் போனது சில மாதங்கள்தான். தாயார் நான்சி முன்பு ஆசிரியை வேலை பார்த்தவர். அவரே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் கிராண்ட் டிரங்க் ரெயில்வேயில், போர்ட் ஹூரானுக்கும் டெட்ராயிட்டுக்கும் இடையே ஓடிய வண்டியில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் வேலை கிடைத்தது. அதிகாலையில் வண்டி ஏறினால் இரவில்தான் வீடு திரும்ப முடியும். 1862 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷைலோ என்ற இடத்தில் பெரிய சண்டை நடந்தது. செய்தி டெட்ராயிட்டுக்கு வந்ததும் பையன் ஒரு காரியம் செய்தான். வழியில் உள்ள நிலையங்களுக்கு அந்தச் செய்தியின் தலைப்பை மட்டும் தந்தி மூலம் அனுப்பி, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தான். பிறகு வழக்கத்தைவிடப் பல மடங்காக, ஆயிரம் பிரதிகளைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு வண்டி ஏறினான். ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் காத்திருந்தது. நிலையத்துக்கு நிலையம் விலையை ஏற்றிக்கொண்டே போய் விற்றுத் தீர்த்தான். பத்திரிகை ஏஜெண்டுகள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

பிறகு அவனே ஒரு சிறிய அச்சு யந்திரம் வாங்கினான். சாமான் பெட்டியில் வைத்து, ஓடும் ரெயிலிலேயே வாரப் பத்திரிகை ஒன்றை அச்சடித்து விற்றான். அதே பெட்டியின் ஒரு மூலையில் ரசாயனக் குப்பிகளும் இருந்தன. ஒரு நாள் தீப்பற்றிக்கொண்டதால் அந்த ஆராய்ச்சி நின்றது. காது மந்தமானதும் இந்த வயதுகளில்தான். காரணம் பற்றி அவரே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

1862-ல் மவுண்ட் கிளெமன்ஸ் என்ற நிலையத்தில், உருண்டு வந்த வேகனுக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் மூன்று வயதுக் குழந்தையைப் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினான். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நன்றிக்கடனாகத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கல்விதான் அவனை ஸ்ட்ராட்ஃபோர்டு நைட் டியூட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எதிரும் புதிரும் இரண்டு வண்டிகள்

கடிகாரத் தந்திரத்துக்குக் கண்டிப்போடு விட்டார்கள். அடுத்து வந்தது அவ்வளவு லேசான விஷயம் அல்ல. இது எடிசனே முதுமையில் சொன்ன வரலாறு.

ஒரு நாள் இரவு, வந்துகொண்டிருக்கும் சரக்கு வண்டியை நிலையத்தில் நிறுத்தி வைக்கும்படி உத்தரவு வந்தது. நிறுத்துவதாகப் பதில் அடித்துவிட்டு சிக்னல்காரரைத் தேடி எடிசன் ஓடினார். அதற்குள் வண்டி கடந்து போய்விட்டது. நிறுத்த முடியவில்லை என்று தந்தி அடித்தார். எதிர்த் திசையில் வேறொரு வண்டியை ஏற்கெனவே விட்டுவிட்டார்கள். ஒற்றைப் பாதை. இருட்டில் ஓடிப்போய் எச்சரிக்க முயன்றவர் வழியில் பள்ளத்தில் விழுந்து நினைவிழந்தார். நல்லவேளையாக அந்த இடத்தில் பாதை நேராக இருந்தது. இரண்டு டிரைவர்களும் ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

டொரான்டோவில் ஜெனரல் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஜெயில் வரைக்கும் போகலாம் என்ற பேச்சு. அந்த நேரம் பார்த்து மேனேஜரைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். அவர் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது எடிசன் மெல்ல நழுவினார். சரக்கு வண்டி ஒன்றில் ஏறி எல்லை வரை போய், ஆற்றைக் கடந்து அமெரிக்காவில் கால் வைத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அன்று அவர் தூங்கிவிட்டார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பகலெல்லாம் விழித்து, பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டியும் பார்க்கும் பதினாறு வயதுப் பையனின் கால்களும் தலையும் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை, நைட் டியூட்டி பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம் ஊர் ஊராகத் தந்தி வேலை. இண்டியானாபொலிஸ், சின்சினாட்டி, மெம்பிஸ், லூயிவில் என்று நீண்ட பட்டியல். பெரும்பாலும் இரவு வேலையையே விரும்பிக் கேட்டு வாங்கினார். பத்திரிகைகளுக்கு வரும் செய்தித் தந்திகளை இரவில் எடுத்து எழுதுவது அவருடைய வேலை. பகல் முழுவதும் சொந்த ஆராய்ச்சி. லூயிவில்லில் ஒரு நாள் இரவு அமிலம் தரையில் கொட்டி, கீழே மேலதிகாரியின் அறை வரை ஒழுகி, அந்த வேலையும் போயிற்று.

1869-ல் நியூயார்க் வந்தார். பங்கு விலைகளை அச்சடிக்கும் தந்திக் கருவிகளில் பணம் வரத் தொடங்கியது. 1871-ல் மேரி ஸ்டில்வெல்லை மணந்தார். முதல் இரண்டு குழந்தைகளுக்கும் அவர் வைத்த செல்லப் பெயர்கள் தந்தி மொழியில் வரும் புள்ளியும் கோடும். ஆங்கிலத்தில் டாட், டாஷ்.

நள்ளிரவுச் சாப்பாடு

1876-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற சிற்றூரில் தன் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு பேசும் யந்திரமாகிய போனோகிராஃப் அங்கே பிறந்தது.

அங்கே வேலைக்கு மணி கிடையாது. எடிசன் எப்போது வேலை செய்கிறாரோ அப்போது எல்லோருக்கும் வேலை. நள்ளிரவில் சாப்பாடு வரும். சாப்பிட்டு முடித்துச் சுருட்டுப் பிடிப்பார்கள். கூடத்தின் ஒரு கோடியில் இருந்த பெரிய ஆர்கன் வாத்தியத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பாடுவார்கள். பிறகு மீண்டும் வேலை. தூக்கம் தாங்காதவர்கள் மேஜை மேலும் பெஞ்சின் அடியிலும் சுருண்டு படுப்பார்கள். குறட்டை விடுபவரின் காதருகே கடகடவென்று சத்தம் போட்டு எழுப்புவதற்கென்றே ஒரு பெட்டியைச் செய்து வைத்திருந்தார்கள். பிணத்தையும் எழுப்பிவிடும் என்று அதற்குப் பெயர்.

இளைஞர்கள் இதை விரும்பித்தான் செய்தார்கள். எடிசனிடம் வேலை பார்ப்பது அவர்களுக்குப் பெருமை. பக்கத்திலேயே வீட்டில் மேரியும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வீட்டின் இரவுகளைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை. மேரி 1884-ல், முப்பது வயது நிறைவதற்குள் இறந்துபோனார்.

அச்சகத்துக்கு வந்த வெளிச்சம்

மின்சாரத்தால் ஒளி உண்டாக்கலாம் என்பது எடிசனுக்கு முன்பே தெரிந்த செய்தி. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதே வேலையில் இறங்கியிருந்தார். தெருக்களில் கண்ணைக் கூசும் வில்விளக்குகள் வந்திருந்தன. வீட்டுக்குள் எரிக்கத்தக்க, நீண்ட நேரம் நிற்கிற, மலிவான விளக்கு மட்டும் யாருக்கும் அமையவில்லை. 1879 அக்டோபரில் மென்லோ பார்க்கில், கரியாக்கிய பருத்தி நூலைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அது 13 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள் இரவு பொதுமக்களுக்குக் காட்டினார். அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்காக ஸ்பெஷல் ரெயில்கள் விட்டார்கள்.

நான் இங்கே சற்று நின்று சொல்ல விரும்புவது, முதல் வாடிக்கையாளர்களில் ஒருவரைப் பற்றி. 1881-ன் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹிண்ட்ஸ், கெட்சம் என்ற கம்பெனியின் வண்ண அச்சகத்தில் எடிசனின் விளக்குகளைப் போட்டார்கள். வண்ண அச்சு வேலைக்கு நிறம் சரியாகத் தெரிய வேண்டும். கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் அது தெரியாது. எனவே பொழுது சாய்ந்தால் அச்சகத்தை மூட வேண்டியிருந்தது. மின்விளக்கு வந்ததும் இரவிலும் வண்ணம் அச்சடிக்க முடிந்தது. விளக்கு வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இரவு வேலையே எடிசனால்தான் வந்தது என்று சொல்வது நியாயம் ஆகாது. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் இங்கிலாந்தின் பஞ்சாலைகள் அதற்கு முன்பே இரவில் ஓடின. ஆனால் பஞ்சு பறக்கிற இடத்தில் திறந்த சுடர் ஆபத்து. கண்ணாடிக்குள் அடைபட்ட விளக்கு அந்தப் பயத்தைப் போக்கியது. முதலாளிகளுக்கு இரவு மலிவாகவும் பத்திரமாகவும் ஆயிற்று.

1882 செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். அவற்றில் சில நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அலுவலகத்தில் எரிந்தன. இரவு வேலை பார்க்கும் பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வெளிச்சம் பிடித்திருந்ததில் வியப்பில்லை.

கோலார் தங்கவயலில்

அந்த வெளிச்சம் இருபது ஆண்டுகளில் நம் பக்கத்துக்கும் வந்தது. 1902-ல் மைசூர் சமஸ்தானம் காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து 147 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பியது. அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் மின்சாரம் அனுப்பியது உலகமே கவனித்த சாதனை. மின் யந்திரங்களைக் கொடுத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. எடிசனின் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் 1892-ல் ஒன்றாகிப் பிறந்ததுதான் அது. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது அதற்கும் பின்னால், 1905-ல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரு கம்பெனிகளும் இணைந்தபோது எடிசனின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்துடன் தங்கவயலுக்கு வந்தது ஏ.சி. என்கிற மாறுதிசை மின்சாரம். அது ஆபத்தானது, ஆளைக் கொல்வது என்று எடிசன் ஊரெல்லாம் பிரசாரம் செய்து தோற்றுப்போன மின்சாரம் அது.

வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து போய் தங்கவயலில் குடியேறிய தமிழர்களுக்கு ஷிப்டு முறையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் பகலும் இரவுதான். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்தால், வெளியே எந்த வேளை என்பதைச் சங்கு ஊதித்தான் தெரிய வேண்டும். 2001-ல் சுரங்கம் மூடப்படும் வரை மூன்று தலைமுறை அப்படியே வாழ்ந்தது. ஷிப்டு மாறும் வாரங்களில் வீட்டுப் பெண்கள் குழந்தைகளை அதட்டி அடக்கி, பகலில் தூங்கும் மனிதருக்காகக் கதவைச் சாத்தி வைத்த வீடுகள் அவை.

தூக்கத்தின் மீது கோபம்

எடிசன் 1886-ல் மினா மில்லரை மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் இன்னும் பெரிய ஆராய்ச்சிக் கூடம் கட்டினார். புகழ் வளர வளர, தூக்கத்தைப் பற்றிய அவருடைய உபதேசமும் வளர்ந்தது. மனிதர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு தூங்குகிறார்கள், பிடித்திருக்கிறது என்பதற்காகவே தூங்குகிறார்கள் என்பது அவர் கட்சி. நாலைந்து மணி நேரம் போதும் என்று நிருபர்களிடம் சொன்னார். தூக்கத்தைக் குகையில் வாழ்ந்த காலத்தின் மிச்சம் என்று கருதினார். ஸ்விட்சர்லாந்தில் காரில் பயணம் செய்தபோது, மின்விளக்கு உள்ள ஊர்களில் மக்கள் அறிவோடு இருந்ததாகவும், விளக்கு இல்லாமல் கோழியோடு அடங்கிவிடும் ஊர்களில் மந்தமாக இருந்ததாகவும் எழுதினார். நம் பாட்டன் பூட்டன் காலத்துப் புலவர்கள் எந்த மின்விளக்கில் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1912 வாக்கில் தட்டு வடிவ இசைத்தட்டுக் கருவியைச் சீர்படுத்த ஒரு குழுவை அமைத்தார். இரவு பகலாக வேலை வாங்கினார். அந்தக் குழுவுக்குத் தூக்கமில்லாப் படை என்று பெயர். அவருக்கு அப்போது 65 வயது. இளைஞர்களுக்குச் சமமாக விழித்தார் என்பது உண்மை.

இன்னொரு உண்மையும் உண்டு. அவர் குட்டித் தூக்கத்தில் மன்னர். மேஜை, பெஞ்சு, மாடிப்படியின் கீழ், புல்தரை என்று எங்கே தலை சாய்த்தாலும் தூங்கிவிடுவார். வெஸ்ட் ஆரஞ்ச் நூலகத்தில் அவருக்காகப் போட்ட கட்டில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்குடன் காட்டில் முகாம் போட்டபோது எடுத்த படத்தில், நாட்டின் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க, பக்கத்தில் எடிசன் புல் மீது படுத்துத் தூங்குகிறார். இந்தத் தூக்கத்தையெல்லாம் கணக்கில் சேர்த்தால் நாலு மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம் ஆகும்?

கையில் இரும்புக் குண்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கண் அயர்வார் என்றும், தூக்கம் பிடித்துக் குண்டு கீழே விழும் சத்தத்தில் விழித்து, அப்போது தோன்றியதைக் குறித்துக்கொள்வார் என்றும் சொல்வார்கள். 2021-ல் பாரிஸில் மூளை ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 103 பேருக்கு ஒரு கணக்குப் புதிர் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. இடையில் கையில் ஒரு பொருளைக் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். தூக்கத்தின் முதல் படியில் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர்தான். தூக்கம் வீண் என்று சொன்னவருக்குத் தூக்கமே யோசனை கொடுத்திருக்கிறது.

மூளைக்குள் ஒரு கடிகாரம்

எடிசனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று மனிதத் தலைக்குள் இருந்தது. மூளையின் நடுவில் பட்டாணி அளவுள்ள பீனியல் என்ற சுரப்பி. அது எதற்காக இருக்கிறது என்பது அவர் காலத்தில் புதிர்.

1958-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் நோய் மருத்துவர், மாடுகளின் பீனியல் சுரப்பிகளை லட்சத்துக்கும் மேலாகச் சேர்த்து அரைத்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது வெண்குஷ்டம் என்று நாம் சொல்லும் தோல் வெளுப்புக்கு மருந்து. கிடைத்த பொருள் தவளையின் தோலை வெளுக்கச் செய்தது. மெலடோனின் என்று பெயர் வைத்தார். தோல் நோய்க்கு அது உதவவில்லை.

அதன் உண்மையான வேலை பிறகுதான் தெரிந்தது. இருட்டிய பிறகு அது இரத்தத்தில் ஏறுகிறது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே உச்சத்தைத் தொடுகிறது. விடியும்போது வடிந்துவிடுகிறது. தூக்க மாத்திரையைப் போல ஆளை அடித்துப் போடுவது அதன் வேலை அல்ல. இரவு வந்துவிட்டது என்று உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் தண்டோரா போடுவதுதான் அதன் வேலை. தண்டோராக்காரனுக்கு உத்தரவு கொடுப்பது, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம். அதுவே உடம்பின் தலைமைக் கடிகாரம். 1972-ல் கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது ஏறத்தாழ 24 மணி நேரக் கணக்கில் ஓடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் குகை வௌவால்களை வைத்து இத்தகைய கடிகாரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர் 2009-ல் காலமானார். இந்தக் கடிகாரத்தின் உள் வேலைப்பாட்டைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எடிசனின் வழக்குக்கு வேண்டிய சாட்சி 1980-ல் வந்தது. ஆல்ஃபிரட் லூயி என்ற மருத்துவரும் உடன் ஆராய்ந்தவர்களும், மனிதர்களை நடு இரவில் எழுப்பிப் பிரகாசமான வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். இரத்தத்தில் மெலடோனின் சரிந்தது. விளக்கை அணைத்ததும் மீண்டும் ஏறியது. 2011-ல் 116 பேரை வைத்து நடந்த சோதனையில், படுக்கும் முன்பு வீட்டு அறையில் இருக்கும் சாதாரண வெளிச்சமே மெலடோனின் சுரக்கும் நேரத்தை ஒன்றரை மணி அளவு குறைத்துவிடுகிறது என்று தெரிந்தது. சுவிட்சைப் போட்டால், உடம்புக்கு இன்னும் பொழுது சாயவில்லை.

நைட் டியூட்டிக்காரருக்கு வரும் தொல்லை இதுதான். டியூட்டி முடித்துக் காலை வெயிலில் வீட்டுக்கு நடக்கிறார். அந்த வெயில் கடிகாரத்துக்குப் பகல் என்று சொல்லிவிடுகிறது. படுத்தாலும் நாலைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. இரவு மூன்று மணிக்கு உடம்புச் சூடு குறைந்து, குடல் ஓய்வு கேட்டு, கண் மூடத் துடிக்கும்போது அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நைட் டியூட்டி அலவன்ஸ் பாங்கியில் சேரும். பீனியல் சுரப்பிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

2007-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் இரவு ஷிப்டை அதே பட்டியலில் வைத்தது. நிச்சயம் என்று சொல்லவில்லை. சந்தேகம் பலமானது என்கிறது.

பழி முழுவதும் அவருக்கா?

இதற்கெல்லாம் எடிசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. விளக்கு இல்லாத காலத்தில் மக்கள் பத்து மணி நேரம் தூங்கினார்கள் என்று சொல்வதற்கும் ஆதாரம் குறைவு. தான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று பழங்குடி மக்களின் தூக்கத்தை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்கள் தூங்கியது ஆறு, ஏழு மணி நேரம். பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் கழித்தே படுத்தார்கள். ஆனால் எல்லா நாளும் இரவில், இருட்டில் தூங்கினார்கள். ஷிப்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மேலும் எடிசனின் கரி இழை விளக்கு மங்கலானது, செம்மஞ்சள் நிறமானது. பதினாறு மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். கடிகாரத்தை அதிகம் கலைப்பது நீல ஒளி என்றும், அதற்கென்றே கண்ணில் தனி உயிரணுக்கள் இருக்கின்றன என்றும் 2002-ல் கண்டறிந்தார்கள். அந்த நீல ஒளி எடிசனின் விளக்கில் குறைவு. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் கைப்பேசியிலும்தான் அதிகம்.

அவர் மீது எனக்கு உள்ள குறை வேறு. குட்டித் தூக்கத்துக்கு நினைத்த இடத்தில் படுக்கும் சுதந்திரம் முதலாளியான அவருக்கு இருந்தது. தூங்கும் ஊரைப் பார்த்து உபதேசம் செய்தபோது, யந்திரத்தின் முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு பையனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் சக்கரத்தில் பல் வெட்டினான்.

ஒரு நிமிட இருட்டு

எடிசன் 1931 அக்டோபர் 18-ந் தேதி விடியற்காலையில், 84-வது வயதில், வெஸ்ட் ஆரஞ்ச் வீட்டில் இறந்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெயரில் 1,093 கண்டுபிடிப்பு உரிமைகள் பதிவாகியிருந்தன. அடக்கம் 21-ந் தேதி நடந்தது. முதல் விளக்கின் 52-வது ஆண்டு நிறைவாக அமெரிக்கர்கள் கொண்டாடும் நாள் அது.

அன்று இரவு ஒரு நிமிடம் நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தி மரியாதை செய்யலாம் என்று யோசனை எழுந்தது. ஜனாதிபதி ஹூவர் விசாரித்துப் பார்த்தார். முடியாது என்று தெரிந்தது. ஒரு நிமிடம் மின்சாரம் நின்றாலும் உயிர்கள் போகலாம். எனவே அவரவர் வீட்டில், கடையில் விளக்கைத் தாங்களாகவே அணைக்கும்படி கேட்டுக்கொண்டார். கிழக்குக் கரையில் இரவு 10 மணிக்கு, மேற்குக் கரையில் மாலை 7 மணிக்கு, விளக்குகள் அணைந்தன. நியூயார்க்கில் பிராட்வே மங்கியது. சுதந்திர தேவியின் கைப்பந்தமும் அணைந்தது.

மின்நிலையங்களில் இரவு ஷிப்டு ஆட்கள் யந்திரங்களை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் கழிந்ததும் மறுபடி விளக்குகளைப் போட்டார்கள்.